தெளிவாக எழுதுவதும் ஒரு தொழிலே

பேராக் மாநிலத்தின் வடபகுதியில், தைப்பிங் நகரை ஒட்டி அமைந்துள்ள ஊர் கமுந்திங். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் வாழ்ந்த இவ்வட்டாரம், இன்று தொழிற்பேட்டைகளால் வாழ்கின்றது. பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் சிலர், ரப்பர்க் கையுறை செய்யும் தொழிற்சாலைகளில் பணிபுரிகின்றனர். வேலை மாறியதோடு வேலையைக் கற்கும் முறையும் மாறிவிட்டது. தோட்டத்தில் கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, பட்டையை எவ்வளவு ஆழம் சீவுவது என்பதை மூத்த தொழிலாளி அருகில் நின்று காட்டிக்கொடுத்தார். தொழிற்சாலையில் அந்தப் பொறுப்பின் பெரும்பகுதியை இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும் ஒரு தாள் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தாளை எழுதுபவர் யார்?

அவரே தொழில்நுட்ப எழுத்தாளர். இயந்திரக் கையேடு, வேலை நடைமுறைக் குறிப்பு, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் விளக்கத் தாள், திறன்பேசிச் செயலியின் உதவிப் பக்கம் ஆகிய அனைத்தும் தொழில்நுட்ப எழுத்தே. எழுத்துத் துறை என்றதும் நம் மாணவர்களுக்கு ஆசிரியர், செய்தியாளர், கவிஞர் ஆகியோரே நினைவுக்கு வருகின்றனர். அறிவியல் படிப்பவர்களோ, தங்களுக்கு எழுத்து தேவையில்லை என்று எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களுக்கும் இடையில் ஒரு நல்ல தொழில் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றது. மொழியும் அறிவியலும் ஒருசேரப் பயிலும் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் இத்துறையைத் தங்கள் எதிர்காலத் தேர்வுகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இத்தொழிலை நாம் மதிக்க வேண்டியதற்கு முதற்காரணம், அதில் உயிர்களின் பாதுகாப்பு அடங்கியிருப்பதாகும். வேதியியல் வகுப்பில் நாம் கற்கும் ஒரு செயலை எடுத்துக்கொள்வோம். அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்ய, அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மாறாக, நீரை அமிலத்தில் ஊற்றினால், வெளியாகும் வெப்பத்தால் நீர் கொதித்து அமிலத்தோடு தெறிக்கும்; கண்ணையும் தோலையும் சுட்டுவிடும். 'அமிலத்தை நீரில்', 'நீரை அமிலத்தில்' ஆகிய தொடர்களில் உள்ள சொற்கள் ஒன்றே. இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ'யும் ஏழாம் வேற்றுமை உருபாகிய 'இல்'லும் இடம் மாறியுள்ளன, அவ்வளவுதான். தேர்வில் அந்தத் தவற்றுக்கு ஒரு புள்ளி குறையும். தொழிற்சாலையிலோ ஒருவர் கண்பார்வையை இழக்கக்கூடும். 'அமிலத்தையும் நீரையும் கலக்கவும்' என்று பொதுவாக எழுதினாலும் ஆபத்து நீங்காது. எதை எதில் ஊற்றுவது என்பதை வாசிப்பவர் ஊகிக்கும்படி விட்டுவிடுகிறோம்.

எழுத்து எவ்வாறு உயிர் காக்கும் என்பதற்கு வரலாற்றில் தக்க சான்று உண்டு. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' விமானம் சோதனைப் பறப்பின்போது விழுந்து நொறுங்கியது. விமானம் தரையில் நிற்கும்போது அதன் கட்டுப்பாட்டுப் பகுதிகள் காற்றில் அசையாதிருக்கப் பூட்டு ஒன்று போடப்படும். அனுபவம் மிக்க விமானிகள் அதனை விடுவிக்க மறந்ததே விபத்துக்குக் காரணம். இருவர் உயிரிழந்தனர். அதன்பின், பறப்பதற்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றை வரிசைப்படுத்திய சுருக்கமான பட்டியல் ஒன்று விமானிகளுக்குத் தரப்பட்டது. இன்று சரிபார்ப்புப் பட்டியல் இன்றி எந்தப் பயணிகள் விமானமும் புறப்படுவதில்லை. 2008-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கும் இத்தகைய பட்டியலை அறிமுகப்படுத்தியது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை வலியுறுத்துகின்றது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, தொழிலாளர்களுக்குத் தேவையான தகவலையும் அறிவுறுத்தலையும் பயிற்சியையும் வழங்குவது முதலாளியின் கடமையாகும். அபாயகரமான இரசாயனப் பொருள்களின் அடையாளச் சீட்டு மலாய் மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகள் கூறுகின்றன. அப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத்தாள் 16 பகுதிகளைக் கொண்டது. கையுறை அச்சுகளைக் கழுவ அமிலமும் காரமும் பயன்படும் தொழிற்சாலைகளில் இத்தாள்கள் வெறும் சம்பிரதாயமாகிவிடக் கூடாது. அங்கே நேப்பாளம், வங்காளதேசம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களும் வேலை செய்கின்றனர். அவர்களுக்கும் விளங்கும் வண்ணம் எளிய தொடர்களாலும் படங்களாலும் அச்செய்தியைத் தருவது தனித்திறமையாகும்.

அத்திறமையை எவ்வாறு வளர்த்துக்கொள்வது? முதலில், எழுதப்போகும் வேலையை நேரில் பார்க்க வேண்டும். செய்பவரிடம் கேட்க வேண்டும். அடுத்து, செயல்களை நிகழும் வரிசையிலேயே எழுத வேண்டும். 'மூடியைத் திறக்கவும். திறப்பதற்குமுன் மின்சாரத்தை நிறுத்தவும்' என்று ஒரு கையேடு கூறினால், முதல் தொடரைப் படித்தவரின் கை ஏற்கெனவே மூடியின்மீது இருக்கும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னே வர வேண்டும். மூன்றாவதாக, அளவைத் திட்டவட்டமாகக் கூற வேண்டும். 'தேவையான அளவு எண்ணெய் இடவும்' என்பதைவிட '20 மில்லிலிட்டர் எண்ணெய் இடவும்' என்பதே பயன்தரும். நான்காவதாக, ஒரு பொருளுக்கு ஒரே பெயரைப் பயன்படுத்த வேண்டும். இலக்கியக் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது குறையாகத் தோன்றலாம். கையேட்டிலோ 'மூடி' என்றதைப் பின்னர் 'கதவு' என்றால், வாசகர் இரண்டு பொருள்களைத் தேடுவார். இறுதியாக, எழுதியதை அவ்வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறவாமல் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். அவர் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

தமிழுக்கு இத்தகைய எழுத்து புதியதன்று. 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கெனத் தம் மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களையும் தொகுத்தார். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் அறிந்த மலேசியத் தமிழ் மாணவர், ஒரு கருத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் பயிற்சியை அன்றாட வாழ்விலேயே பெறுகிறார். இது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

'பொறியியலாளரே கையேட்டை எழுதிக்கொள்ளலாமே' என்று சிலர் வாதிடுவர். இயந்திரத்தை நன்கறிந்தவருக்கு, அறியாதவரின் ஐயம் எளிதில் புலப்படாது. தமக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று அவர் ஒரு படியைத் தாண்டிச் சென்றுவிடக்கூடும். 'செயற்கை நுண்ணறிவே எழுதிவிடுமே' என்பாரும் உளர். அது சில நொடிகளில் ஒரு வரைவைத் தரும் என்பது உண்மையே. ஆயினும், அந்த வரைவு இந்தத் தொழிற்சாலையின் இந்த இயந்திரத்துக்குப் பொருந்துகிறதா என்று களத்தில் நின்று சரிபார்த்து, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் மனிதரே. ஆகவே, சரிபார்க்கத் தெரிந்தவரின் தேவை குறையாது.

கமுந்திங்கில் 'தொழில்நுட்ப எழுத்தாளர்' என்ற பெயரிலேயே விளம்பரங்கள் நிறைய வருமென்று எதிர்பார்க்க இயலாது. சிறிய ஆலைகளில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியோ பாதுகாப்பு அதிகாரியோ இப்பணியையும் சேர்த்தே செய்கின்றனர். பினாங்கின் பாயான் லெப்பாஸ், கிள்ளான் பள்ளத்தாக்கு போன்ற இடங்களின் மின்னணு, மென்பொருள் நிறுவனங்களில் இதற்கெனத் தனிப் பணியிடங்கள் உண்டு. எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் ஈப்போவின் உங்கு ஓமார் பாலிடெக்னிக் போன்ற கல்விக்கழகங்களில் தொழில்நுட்பம் பயில்பவர், எழுத்தாற்றலையும் சேர்த்து வளர்த்துக்கொண்டால், ஈரிடத்திலும் அவருக்கு மதிப்பு உண்டு.

மாணவர்களே, இதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் முறையை ஒரே பக்கத்தில் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். அதனை முதலாம் படிவ மாணவர் ஒருவரிடம் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். அவர் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அவ்வேலையைச் சரியாகச் செய்து முடித்தால், நீங்கள் இத்தொழிலின் முதற்படியில் ஏறிவிட்டீர்கள் என்று பொருள்.