பாட்டு ஃபோல்டர் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?

மாம்பலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். காலஞ்சென்ற மாமியார் பாடிய நலங்குப் பாட்டுகளைப் பழைய காஸெட்டுகளிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறாராம். காஸெட்டுகள் பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. மற்ற ஃபோல்டர்கள் தொட்டவுடன் திறக்கின்றன. இது மட்டும் நாலைந்து நிமிஷம் காக்க வைக்கிறது. ரிப்பேர்க்காரர், "எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்துவிடலாம்" என்கிறாராம். செய்யலாமா என்று கேட்கிறார்.

கூடவே கூடாது, அம்மா! அந்தக் குரல் வேறெங்கே இருக்கிறது? முதல் காரியமாக, அந்த ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு நோயைப் பார்ப்போம்.

அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டால், டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டைப் படித்துச் சொன்னால் போதும் அல்லவா? ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, முகர்ந்து, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று ஒரு வேலைக்காரி பிடிவாதம் பிடித்தால் எப்படி இருக்கும்? விண்டோஸ் செய்வது அதுதான். ஒரு ஃபோல்டரில் பாட்டுகள் அதிகம் என்று கண்டால், அதைத் தானாகவே 'மியூசிக்' வகையில் சேர்த்துவிடும். அப்புறம் பாடியவர் யார், எந்த ஆல்பம், எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் நுழைந்து விசாரணை! எம்.பி.3 ஃபைலில் இந்த விவரம் தொடக்கத்தில் இருக்கலாம். பழைய முறையில் கடைசி 128 பைட்டில் இருக்கும். சிலவற்றில் அட்டைப்படம் வேறு உள்ளே ஒளிந்திருக்கும். நூற்றுக்கணக்கில் ஃபைல்கள் சேர்ந்து, டிஸ்க்கும் சுழலும் பழைய ரகமாக இருந்துவிட்டால், கேட்க வேண்டுமா?

பரிகாரம் சுலபம். ஃபோல்டரின் மேல் வலது க்ளிக் செய்து 'ப்ராபர்ட்டீஸ்' போங்கள். 'கஸ்டமைஸ்' என்ற பகுதியில், 'மியூசிக்' என்றிருப்பதை 'ஜெனரல் ஐட்டம்ஸ்' என்று மாற்றுங்கள். கீழே, உள் ஃபோல்டர்களுக்கும் சேர்த்து என்று ஒரு கட்டம் இருக்கும். அதையும் டிக் செய்து ஓகே கொடுங்கள். பாட்டுகளுக்கு இதனால் ஒரு குறையும் வராது. பார்வை மட்டுமே மாறுகிறது. 'வியூ'வில் பெரிய படங்களுக்குப் பதில் 'டீடெயில்ஸ்' வைத்துக்கொள்வதும் நல்லது. நீளம், பாடகர் என்ற பத்திகள் அங்கே இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்படியும் திணறினால், பழுதான ஃபைல் ஏதோ ஒன்று உள்ளே இருக்கலாம். ஃபைல்களில் பாதியை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திப் பாருங்கள். எந்தப் பாதி திணறுகிறதோ அதை மறுபடி பாதியாக்குங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற கைக்கு இது பிரமாதமில்லை. கல் கிடைத்தாலும் எறிந்துவிடாதீர்கள்! தனியே வையுங்கள், பட்டியலில் தடுக்கி விழுகிற ஃபைல்கூடச் சில சமயம் நன்றாகவே பாடும்.

ஆனால் எல்லா ஃபோல்டரும் மெதுவாகி, பெட்டிக்குள் கடகடவென்று சத்தமும் கேட்டால் விஷயம் வேறு. அது டிஸ்க்கின் அந்திமக் காலமாக இருக்கலாம். நகல் எடுத்தாயிற்றா என்று அப்போதே பாருங்கள்.

மாற்றியவை 'வேவ்' ரகமாக இருந்தால் இடம் நிறைய வேண்டும். ஸி.டி. தரத்தில் ஒரு மணி நேரப் பாட்டுக்குச் சுமார் 635 எம்.பி. ஆகும். 64 ஜி.பி. பென் டிரைவில் தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஒன்றல்ல, இரண்டாக வாங்கி, ஒன்றை நாத்தனார் வீட்டில் கொடுத்து வையுங்கள்.