பெயரில்லா மழையையும் அளப்போம்

வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்றால், அதன் பெயர் என்ன என்றே நாம் முதலில் கேட்கிறோம். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிய பிறகே புயலுக்குப் பெயர் சூட்டப்படுகிறது. ஆகவே, பெயர் காற்றின் வலிமையை உணர்த்துமே தவிர, மழையின் அளவை உணர்த்தாது. கடற்கரையிலிருந்து விலகி, மேட்டுநிலத்தில் அமைந்த பலமனேர் போன்ற ஊர்களில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

2020 நவம்பரில் நிவர் என்னும் அதி தீவிரப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன் பெயரை அனைவரும் அறிவர். அடுத்த ஆண்டு நவம்பர் 19 அதிகாலையில் சென்னை அருகே கரையைக் கடந்ததோ ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது புயலாக வலுப்பெறவில்லை, பெயரும் பெறவில்லை. ஆயினும் திருப்பதியின் தெருக்களில் வெள்ளம் பாய்ந்தது. கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை உடைந்து, பலர் உயிரிழந்தனர். ஈரக்காற்று மலைகளில் மோதி மேலெழுந்து குளிரும்போது, காற்று வலுவின்றி இருப்பினும் பெருமழை பொழியும்.

எனவே, புயலின் பாதையைப் பார்ப்பதோடு நில்லாமல், தம் ஊரில் பெய்யும் மழையை மாணவர்கள் நாள்தோறும் அளந்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. தட்டையான அடியும் நேரான பக்கங்களும் உடைய ஒரு கண்ணாடிக் குவளையை மரமும் சுவரும் மறைக்காத திறந்தவெளியில் வைக்க வேண்டும். காலை 8.30 மணிக்கு, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்து, நாளேட்டில் குறித்தபின் நீரைக் கொட்டிவிட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது, ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர் விழுந்தது என்று பொருள்படும்.

செயற்கைக்கோளும் ரேடாரும் இருக்கும்போது குவளை எதற்கு எனச் சிலர் வினவலாம். ரேடார், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு மழையை மதிப்பிடுகிறது. அம்மதிப்பீடு சரிதானா என்று அறிய, தரையில் அளந்த அளவு தேவைப்படுகிறது. மேலும், ஓர் ஊரில் கொட்டும் மழை அடுத்த ஊரில் தூறலாய் முடிவதும் உண்டு.

பலமனேர்ப் பகுதி மழைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அங்குப் பெய்யும் நீரின் ஒரு பகுதி கவுண்டன்யா ஆற்றின் வழியே தமிழ்நாட்டின் மோர்தானா அணையை அடைந்து, குடியாத்தத்தைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. மேலே பெய்த மழையின் அளவை அறிந்தால், கீழே வாழ்வோர் வெள்ளத்திற்கு ஆயத்தமாகலாம். மாநில எல்லை நமக்குத்தான், நீருக்கு இல்லை.

எனினும் ஓர் எல்லையை நாம் காத்தல் வேண்டும். அளப்பது நம் பணி. புயல் எச்சரிக்கை விடுப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பணி. கைப்பேசியில் வரும் ஆதாரமற்ற செய்தியைப் பரப்புவது பிறரை அச்சுறுத்தும். நேற்று நம் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அளந்து சொல்வதோ பிறருக்குப் பயன்படும். வரும் வடகிழக்குப் பருவமழை முதல், மழை பெய்யாத நாளுக்குச் சுழியம் என்றும் தவறாமல் எழுதி வருவோமாக.