செகண்ட் ஷிஃப்ட் முடிந்தவர்களுக்கும் நூலகம் வேண்டும்

தமிழ்நாடு பொது நூலக இயக்குநர் அவர்களுக்கு,

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரும் சாலையில் இருபுறமும் நிற்கும் கம்பெனிக் கட்டடங்களில் சொத்துவரி கட்டுகிற ஒவ்வொன்றும் உங்கள் துறைக்கும் சேர்த்தே கட்டுகிறது. வரி ஒரு ரூபாய் என்றால் அதன்மேல் பத்துக் காசு நூலக வரி. 1948-இல் இங்கே இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவில் முதலாவது. அது போட்ட பாதையில்தான் இந்தக் காசு வருகிறது. இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழிற்பேட்டைகள் வளர வளர இந்தக் காசும் வளர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கட்டடங்களுக்குள் வேலை செய்பவர்களுக்கு நூலகம் எப்போது திறந்திருக்கிறது? செகண்ட் ஷிஃப்ட் இரவு பத்துக்கு முடிந்து, கம்பெனி பஸ் பிடித்து அறைக்கு வந்து சேரப் பதினொன்று ஆகும். நைட் ஷிஃப்ட் ஆள் பகலில் தூங்குகிறார். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. வேலை இருக்கும். காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்ற கிளை நூலகக் கணக்கு வேறொரு காலத்து ஊருக்குப் போட்டது. புதிதாக எத்தனை கட்டடம் கட்டினாலும் இந்தச் சிக்கல் தீராது. தீர்வு அவர்கள் கையிலிருக்கும் போனில் இருக்கிறது.

போனில்தான் எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். பி.எல்.சி. கற்க நினைக்கும் டிரெயினி தேடினால் வருவது பயிற்சி நிலைய விளம்பரம். குரூப் 4 தேர்வு எழுதப்போகிறவருக்கு யாரோ தொகுத்த, பிழை மலிந்த பி.டி.எஃப். நம்பிப் படிக்கத்தக்கது எது என்று பிரித்துக் காட்ட ஆளில்லை. நூலகர் செய்யும் வேலை அதுதானே?

அதில் பாதி வேலைக்குப் பணமே வேண்டாம். பெரியசாமித் தூரன் பொறுப்பில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் இணையத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின்னூலகமும் இருக்கின்றன. தர ஆய்வுப் பிரிவில் இருப்பவர் நாள்தோறும் பெயர் சொல்லும் இந்தியத் தர நிர்ணய ஆவணங்களைக்கூடப் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இவை இருப்பதே இங்கே பலருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் தமிழில் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்ட டெண்டர் எதற்கு? விவரமறிந்த நூலகர் நாலு பேரும் ஒரு மாதமும் போதும்.

மறுபாதிக்குத்தான் பணம் வேண்டும். 1968-இல் முடிந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளில் லித்தியம் பேட்டரியைத் தேட முடியாது. இயந்திரவியல் கையேடுகள், மொழிப் பாடங்கள், புதிய மின்னூல்கள், நாளிதழ்ச் சேமிப்பு எல்லாம் சந்தாவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. பிரிட்டனில் பல ஊர்களில் பொது நூலக அட்டையின் எண்ணை வீட்டிலிருந்தே தட்டினால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி முழுதும் திறக்கும். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் உறுப்பினர்களுக்கு இப்படி ஒரு தொகுப்பை வைத்திருக்கிறது. நூலகம் எல்லோருக்குமாக ஆண்டுக்கொரு முறை பணம் கட்டிவிடும். பதிப்பகத்தின் தளம் அட்டை எண்ணைச் சரிபார்த்து உள்ளே விடும். அவ்வளவுதான் ஏற்பாடு.

நம் நாட்டிலும் மொத்தமாக வாங்கத் தெரியாமலில்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். பயன் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும். அரசுக் கல்லூரியில் படித்தவள் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்ததும் அந்த வாசல் அடைபட்டுவிடும். மாநில அளவில் பொது நூலக உறுப்பினர்களுக்காக நீங்கள் பேரம் பேசினால் என்ன?

இதைக் கம்பெனிகளே செய்யட்டும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். கம்பெனி தனக்குத் தேவையானதைக் கற்றுத்தரும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் 2024 செப்டம்பரில் தொடங்கி, சாம்சங் தொழிலாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கோரி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பேச்செல்லாம் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தைச் சுற்றித்தான் இருந்தது. அந்தச் சட்டத்தை ஒரு தொழிலாளி கம்பெனி தந்த லாகினிலா படித்திருப்பார்? யார் எதைப் படித்தார் என்ற பதிவு எந்த நிர்வாகத்தின் கைக்கும் போகக் கூடாது. அந்த உறுதியைப் பொது நூலகம்தான் தர முடியும், தரவும் வேண்டும்.

வாசகர் வர முடியாத இடத்துக்கு நூலகம் போவது நமக்குப் புதிதல்ல. 1931-இலேயே மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். தொடங்கிவைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குவதற்காக அரசு கட்டிய விடுதி 2024 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்தே தொடங்குங்கள். ஆதாரில் ஊர் திருவண்ணாமலை, தங்குவது வல்லம் என்று இருப்பவர்களிடம் உறுப்பினராக உள்ளூர் முகவரிச் சான்று கேட்காதீர்கள். கம்பெனி அடையாள அட்டையும் விடுதிக் கடிதமும் போதும் என்று உத்தரவிடுங்கள். நாளை அவர்கள் ஓசூருக்கு வேலை மாறிப் போனாலும் அதே அட்டை எண் செல்லட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒடியா, இந்தி நூல்களும் வேண்டும். ஐயம் கேட்டால் பதில் சொல்ல இரவு பத்திலிருந்து பன்னிரண்டுவரை ஒரு நூலகர் தொலைபேசியில் இருந்தால் போதும். ஊதியத்தோடுதான், ஓ.டி.யாக அல்ல.

பணம் எங்கே என்ற கேள்வி வரும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி ஊராட்சிகள் கடந்த ஐந்தாண்டில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, அதில் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு, அதில் இந்தப் பகுதியில் செலவானது எவ்வளவு? முதலில் இந்த மூன்று தொகைகளையும் வெளியிடுங்கள். சந்தா பற்றிய பேச்சை அந்தத் தாளிலிருந்து தொடங்குவோம்.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு வாசகன்