வீட்டுக்குள் விஞ்ஞானம்: காற்றிழந்த தொட்டி

சென்ற மாதம் மன்னார்த் தீவிலே, கீரிக் கிராமத்தில், என் பெரியப்பா வீட்டில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. மணல் வளவு; அதன் மூலையிலே கிணறு. முன்பு துலா நின்ற இடத்தில் இன்று ஒரு சிறு மின்மோட்டாரும், பக்கத்தில் பூசணிக்காய் வடிவத்து இரும்புத் தொட்டியொன்றும் இருக்கின்றன.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. யாராவது கை கழுவக் குழாயைத் திறந்தால் உடனே மோட்டார் இரையும். மூடினால் உடனே அடங்கும். குளிக்கப் போனால், விக்கல் எடுத்தவன் பேசுவதுபோலத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தது.

"மோட்டாருக்கு வயதாகிவிட்டதாம், தம்பி. இரட்டிப்பு வலுவுள்ள புதியதொன்று வாங்கும்படி பார்த்தவர் சொன்னார். அதற்குத்தான் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் பெரியப்பா.

"காசைக் கொடுக்குமுன் எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், பெரியப்பா" என்றேன்.

நோய் மோட்டாரில் இல்லை, தொட்டியில் இருந்தது. இத்தகைய தொட்டியினுள்ளே ரப்பர்ப் பை ஒன்று உண்டு. பையினுள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் இடையே காற்று. மோட்டார் தண்ணீரை ஏற்றும்போது காற்று நெருக்குண்டு சுருங்குகிறது. மோட்டார் நின்றபின் அந்தக் காற்றே விரிந்து, தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. அமுக்கம் இரட்டித்தால் வாயுவின் கனவளவு பாதியாகும் என்று றொபேட் போயில் 1662ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிதான் கிணற்றடியில் வேலை செய்கிறது. தண்ணீரோ அவ்வாறு சுருங்குவதில்லை. ஆகவே, காற்றுப் போய்த் தொட்டி முழுவதும் தண்ணீராகிவிட்டால், ஒரு குவளை எடுத்தவுடன் அமுக்கம் விழுகிறது. ஆளி மோட்டாரைக் கிளப்புகிறது. புறப்படும் ஒவ்வொரு முறையும் மோட்டார் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஓயாமல் புறப்பட்டு நின்றால் கம்பிச் சுருள் சூடேறி, ஒருநாள் எரிந்தே போகும்.

பெரியப்பாவின் பேத்தி பத்தாம் வகுப்பு மாணவி. அவளைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். தொட்டியை விரலால் தட்டினாள்; எங்கும் ஒரே மந்தமான ஓசை. நல்ல தொட்டியானால் காற்றுள்ள பாகம் வெறுங்குடம்போல ஒலிக்கும். பிறகு மூடியைக் கழற்றி, டயரில் உள்ளதைப் போன்ற காற்று வால்வின் ஊசியை அழுத்தினாள். தண்ணீர் வந்திருந்தால் பை கிழிந்துவிட்டது என்று பொருள். பையையோ தொட்டியையோ மாற்றத்தான் வேண்டும். தண்ணீரும் வரவில்லை, காற்றும் வரவில்லை. பை நலமாயிருந்தது, காற்றுத்தான் கசிந்து போயிருந்தது.

அமுக்கமானியைப் பார்த்தோம். சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தலில் மோட்டார் எழுந்தது, 40இல் நின்றது. மின்சாரத்தைத் துண்டித்து, குழாயைத் திறந்து, தண்ணீர் முழுவதையும் வடியவிட்டோம். குழாயை மூடாமலே, டயருக்குக் காற்றடிக்கும் பம்பினால் 18 இறாத்தல் வரை அடித்தோம். மோட்டார் எழும் அளவுக்கு 2 இறாத்தல் குறைவாக இருப்பதே முறை. வால்வின்மேல் சவர்க்கார நுரை தடவினோம், குமிழி எழவில்லை. மூடியை இறுக்கி, குழாயை மூடி, மின்சாரத்தைக் கொடுத்தோம்.

24 லீற்றர்த் தொட்டி அது. இந்த அமுக்கத்தில், மோட்டார் எழாமலே ஏறக்குறைய 8 லீற்றர் தரும். சிறு வாளியொன்று நிரம்பும்வரை மோட்டார் பேசாதிருந்ததைக் கண்டு பெரியம்மா வியந்து நின்றார்.

இதன் பின்னும், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கையில் மோட்டார் தானே எழுமானால், எங்கோ ஒழுக்கு உண்டு. அல்லது கிணற்றினுள் குழாயின் அடியிலுள்ள வால்வு தண்ணீரைத் தாங்கவில்லை. ஆளியின் மின்தொடுப்புகளை மட்டும் மின்வினைஞரிடம் விட்டுவிடுங்கள்.

பெரிய மோட்டார் வாங்காமற்போனது காசுக்கு மட்டும் நல்லதன்று. இத்தகைய மணற்கரைகளில், மழையால் இறங்கிய நன்னீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கணக்கு. மேலே ஓரடி இறங்கிவிட்டால் காலப்போக்கில் கீழே உப்புநீர் நாற்பதடி ஏற இடமுண்டு. வலிய மோட்டார் விரைவாக இறைக்கும், கிணற்று மட்டம் விரைவாகத் தாழும், உப்பு மேலெழும். எரிந்த மோட்டாரை மாற்றிவிடலாம். உவர்த்துப்போன கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மாரிகள் காத்திருக்க வேண்டும்.

பெரியப்பா சேர்த்த காசைப் பெட்டியிலே வைத்துப் பூட்டினார். ஆண்டுக்கு இருமுறை காற்றைப் பார்க்கும் பொறுப்பைப் பேத்தி ஏற்றுக்கொண்டாள். வாசகர்களே, உங்கள் வீட்டுத் தொட்டியையும் இன்று மாலை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.