சிக்னல் இல்லாத மலையில ஒரு எஸ்எம்எஸ்

கேம்பிங் கிளம்பும்போது டென்ட், கூலர், கொசு மருந்து, எலுமிச்சை ஊறுகாய் வரைக்கும் லிஸ்ட் போடுவோம். போன்ல சிக்னல் போயிட்டா என்ன பண்றதுன்னு மட்டும் பிள்ளைங்ககிட்ட பேசுறதே இல்லை.

2006 நவம்பர்ல ஜேம்ஸ் கிம்மும் அவர் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஓரிகான் மலைப்பாதையில பனியில மாட்டிக்கிட்டாங்க. சின்னக் குழந்தைக்கு 7 மாசம். போன் பேச முடியல. ஆனா அவங்க போனுக்கு இரண்டு எஸ்எம்எஸ் வந்து சேர்ந்தபோது அது ஒரு டவரைத் தொட்டிருக்கு. செல்போன் பொறியாளர்கள் இரண்டு பேர் அந்தப் பதிவைத் தோண்டி எடுத்ததாலதான் தேடவேண்டிய இடம் சுருங்கிச்சு. டிசம்பர் 4 அன்னிக்குத் தாயும் குழந்தைகளும் மீட்கப்பட்டாங்க. உதவி தேடி நடந்துபோன ஜேம்ஸ் உயிரோட திரும்பல.

பேசுறதுக்குத் தொடர்ச்சியா சிக்னல் வேணும்; எஸ்எம்எஸ்ஸுக்குச் சில நொடி போதும். அதனால வாட்ஸ்அப்பை விட்டுடுங்க. எங்கே இருக்கீங்க, எத்தனை பேர், யாருக்கு அடிபட்டிருக்கு, இதை எஸ்எம்எஸ்ஸா எழுதி அனுப்பு பட்டனை அழுத்திட்டு மேட்டுக்கு ஏறுங்க. 911 அல்லது 112 அழைப்பையும் முயற்சி பண்ணுங்க. உங்க நிறுவனத்துக்கு அங்க டவர் இல்லைன்னாலும், பெரும்பாலான நாடுகள்ல வேற நிறுவனத்தோட டவர் அதை எடுத்துக்கும்.

அதே ஓரிகான்ல 2023-ல பனியில சிக்கின ஒருத்தர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. செய்தியை எழுதி, அனுப்பு பட்டனை அழுத்தி, போனை ட்ரோன்ல கட்டிப் பல நூறு அடி மேல அனுப்பிட்டார். மேல டவர் கிடைச்சது, செய்தி போயிடுச்சு, ஆளும் பிழைச்சார். நம்மகிட்ட ட்ரோன் இருக்காது, சரி. கார்கிட்டயே உயரமான, மரம் மறைக்காத இடம் இருக்கான்னு பாருங்க. அலுமினியத் தாளைப் போனைச் சுத்திக் கட்டினா இருக்கிற சிக்னலும் போயிடும்.

சிக்னல் தேடித் தேடியே பேட்டரி காலியாகும். அதனால ஏரோபிளேன் மோட்ல வைங்க, ஆனா மணிக்கு ஒரு தடவை சில நிமிஷம் எடுத்துவிடுங்க. கிம் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு டவர் பதிவுதானே. குளிர்ல போனை ஜாக்கெட்டுக்குள்ள வைங்க.

ஐபோன் 14-ம் அதுக்குப் பிறகு வந்ததும் வச்சிருந்தா, பல நாடுகள்ல செயற்கைக்கோள் வழியா உதவி கேட்கலாம். திறந்த வானம் வேணும். செட்டிங்ஸ்ல எமர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதியில டெமோ இருக்கு. இந்த சனிக்கிழமை வீட்டுப் பின்பக்கம் போய் பிள்ளைங்களையே செய்யச் சொல்லுங்க.