சட்டையும் விசிலும் கொடுத்தால் காவலாளி ஆகிவிடுவாரா? 160 மணி நேர பயிற்சி காகிதத்தில் தூங்குகிறது!

சென்னை நகரில் வாசலுக்கு வாசல் காவலாளி நிற்கிறார். அடுக்குமாடி வீடு, ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, நகைக்கடை, பேங்க், பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, நீலச்சட்டையில் ஒரு மனிதர். முன்பு "வாட்ச்மேன்" என்றார்கள். இப்போது "செக்யூரிட்டி" என்கிறார்கள்.

பெயர் மாறிவிட்டது. ஆனால் அந்த வேலையை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பல இடங்களில் யாரும் இல்லை என்பதுதான் பதில்! ஊரிலிருந்து வேலை தேடி வருகிறார். "நைட்டு முழிச்சிருப்பியா?" என்று ஒரே கேள்வி. "இருப்பேன் சார்" என்றால் பரீட்சை முடிந்தது. முந்தைய ஆள் கழற்றிக் கொடுத்த சட்டை இவர் தோளில் ஏறுகிறது. சாயங்காலமே கேட்டில் நிற்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தில் இப்படி இல்லை. தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த 2005-ம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2006 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் 2008-ல் வந்தன.

லைசென்சு இல்லாமல் ஏஜென்சி நடத்தக்கூடாது. காவலாளிக்கு வயது 18-க்கு மேல், 65-க்குள் இருக்க வேண்டும். அவர் நடத்தை பற்றி விசாரித்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சி முடிக்காத ஆளை வேலைக்கு நிறுத்தவே கூடாது.

எவ்வளவு பயிற்சி? மத்திய அரசின் மாதிரி விதிகள் கணக்கு சொல்கின்றன. வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். மொத்தம் 160 மணி. இதைக் குறைந்தது 20 வேலை நாட்களில் நடத்த வேண்டும். ராணுவத்திலும் போலீசிலும் இருந்து வந்தவர்களுக்குக்கூட விலக்கு கிடையாது. 40 மணி வகுப்பு, 16 மணி களப்பயிற்சி என்று குறைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாடங்களைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். தீ அணைப்பது, முதலுதவி, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, வெடிகுண்டு போன்ற பொருளைக் கண்டுகொள்வது, போலீஸ் ஸ்டேஷனில் புகார் பதிவு செய்யும் முறை, தற்காப்பு உரிமை என்று பட்டியல் நீளுகிறது. அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்தையும் எண்ணையும் படிக்கத் தெரிய வேண்டும் என்றும் போட்டிருக்கிறது. டூட்டியில் விசில், நோட்டு, பேனா, போட்டோ அடையாள அட்டை கட்டாயம். போலீஸ் உடை போலத் தோன்றும் உடை கூடவே கூடாது. போட்டால் போட்டவர் மீதும் ஏஜென்சி முதலாளி மீதும் வழக்கு வரும்.

கொல்கத்தா கொடுத்த பாடம்

இதெல்லாம் வீண் ஜம்பம் என்று நினைப்பவர்கள் கொல்கத்தாவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2011 டிசம்பர் 9-ந்தேதி விடியற்காலை, அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. படுக்கையில் கிடந்த நோயாளிகள் மூச்சுத் திணறி மாண்டார்கள். சுமார் 90 உயிர்கள் பலி!

பக்கத்துக் குடிசைப் பகுதி வாலிபர்கள் புகையைக் கண்டு உதவிக்கு ஓடி வந்தார்கள். காவலாளிகள் அவர்களை முதலில் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

அந்தக் காவலாளிகள் கொலைகாரர்கள் அல்ல. "வெளியாளை உள்ளே விடாதே" என்பது காவலாளிக்கு இடும் முதல் கட்டளை. அந்தக் கட்டளையை எப்போது கைவிட வேண்டும் என்பதைப் பயிற்சிதான் சொல்லித்தர வேண்டும். நம் நகரத்தில் எத்தனை வாசல்களில் தீயணைக்கும் சிலிண்டர் சிவப்பாகத் தொங்குகிறது! பின்னை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்குக் காட்ட வேண்டும் என்பது அடியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா? மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது தெரியுமா?

திருடன் அகப்பட்டால்?

அடுத்தது சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கைது நடைமுறைக்கும் புதுச் சட்டம் வந்திருக்கிறது. முன்பு பயிற்சி பெற்றவர்கள் படித்ததும் பழசாகிவிட்டது.

புதுச் சட்டப்படி, வீடு புகுந்து திருடுவது போன்ற ஜாமீனில் விட முடியாத குற்றம் கண் முன்னால் நடந்தால், போலீஸ்காரர் அல்லாதவரும் ஆளைப் பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதம் செய்யாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி வைத்து நாலு சாத்து சாத்த யாருக்கும் உரிமை இல்லை. அடித்தால், பிடித்தவரே குற்றவாளி ஆகிவிடுவார். இதைத் தெரியாத காவலாளி, முதலாளி "போடு" என்றால் போடுவார். வழக்கு வரும்போது முதலாளி பக்கத்தில் இருக்க மாட்டார்.

திருப்புவனம் கொடூரம்

காவலாளிக்கும் ஆபத்து வருகிறது. 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே நடந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. கோயில் காவலாளியான வாலிபரிடம், காரை நிறுத்தச் சொல்லி ஒரு பெண் சாவியைக் கொடுத்தார். கார் ஓட்டத் தெரியாத அவர், வேறு ஒருவர் உதவியை நாடினார் என்று தகவல் வெளியானது. பிறகு காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார். விசாரணைக்குப் போன வாலிபர் பிணமானார். போலீஸ்காரர்கள் 5 பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது.

பயிற்சி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது. அடித்துக் கொன்ற குற்றம் அடித்தவர்களுடையது. ஆனால் எது காவலாளியின் வேலை, எது இல்லை என்ற கேள்வியை அந்தச் சாவு எழுப்பிவிட்டது. கார் சாவி, வீட்டுச் சாவி, கூரியர் பார்சல், தண்ணீர் மோட்டார், நாய்க்குட்டி என்று எல்லாமே அவர் தலையில்தான்! ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான்! வாங்கியதையும் கொடுத்ததையும் நேரம் போட்டு நோட்டில் எழுதி வைப்பது அவருக்கே கவசம். "இது என் டூட்டி இல்லீங்க" என்று சொல்லும் தைரியமும் பயிற்சியில் வர வேண்டும்.

20 நாள் சோறு யார் போடுவது?

பயிற்சி நடக்காததற்குக் காரணம் ரகசியம் அல்ல. 20 நாள் பயிற்சி என்றால் 20 நாள் டூட்டி இல்லை. அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் தருவது?

ஏஜென்சிக்காரர் யோசிக்கிறார்: பயிற்சி கொடுத்த ஆள் அடுத்த மாதமே கொஞ்சம் கூடக் கிடைக்கும் இடத்துக்குப் போய்விட்டால் செலவு நஷ்டம். குடியிருப்போர் சங்கம் மூன்று ஏஜென்சிகளிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரைப் பிடிக்கிறது. வேலைக்கு வந்தவரோ கையில் காசில்லாமல் வந்தவர். "இன்னிக்கே டூட்டி போடுங்க சார்" என்றுதான் கேட்பார். பல இடங்களில் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே சம்பளம். ஷிப்ட் 12 மணி நேரம். இந்த நிலையில் பாடம் படிக்க யாருக்கு ஆசை வரும்?

ஆக, சட்டம் கேட்கும் 20 நாளுக்குப் பணம் கொடுக்க மூன்று பேரும் தயாராக இல்லை. சான்றிதழ் மட்டும் பைலில் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டால், தீப்பிடிக்கும் இரவில் அந்தக் காகிதம் யாரையும் காப்பாற்றாது.

கேட்டால் கிடைக்கும்

வழி இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் போடும்போதே பயிற்சி நாட்களின் சம்பளத்தைத் தனி வரியாக எழுதலாம். அடுக்குமாடியில் 40 வீடு இருந்தால், அந்தச் செலவு 40 பங்காகிவிடும்.

லைசென்சைக் காட்டச் சொல்லலாம். அது ஏஜென்சி ஆபீசில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு காவலாளியின் பயிற்சிச் சான்றிதழையும், போலீஸ் விசாரணைச் சான்றையும், போட்டோ அட்டையையும் கேட்கலாம். 15 காவலாளிக்கு ஒரு சூப்பர்வைசர் உண்டா என்று கேட்கலாம். ஆண்டுக்கு ஒரு முறையாவது தீயணைப்பு ஒத்திகையை வாசலில் நடத்தி, காவலாளி கையிலேயே சிலிண்டரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கேட்க வேண்டியவர்கள் அரசாங்க அதிகாரிகள் மட்டும் அல்ல. கடை முதலாளியும், ஆஸ்பத்திரி மானேஜரும், சங்கச் செயலாளரும்தான் முதலில் கேட்க வேண்டும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போகும்போது கேட்டில் இருப்பவரிடம் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "தீப்பிடிச்சா முதல்ல என்ன பண்ணுவீங்க?" அவர் விழித்தால், தப்பு அவர் மேல் இல்லை!