உலைநீரில் ஓர் ஒழுங்கு

அடுப்பில் ஏற்றிய உலைநீர், கொதிக்கு முன்னரே அசையத் தொடங்கிவிடுகின்றது. ஒரு சிட்டிகை தேயிலைத்தூளை அதிலிட்டு நோக்கினால், தூள் ஓரிடத்தில் எழுவதும் வேறோரிடத்தில் தாழ்வதும் புலனாகும். அடியிற் சூடேறிய நீர் இலேசாகி மேலெழ, மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்குகின்றது. இதனையே மேற்காவுகை என்று மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். கரும்பலகையில் இரண்டு வளைந்த அம்புக்குறிகளை வரைந்ததும் நம் கடமை முடிந்துவிடுகின்றது!

அண்மையில் மாணவனொருவன், “சேர், தூள் அப்படிப் போகவில்லையே, தாறுமாறாக அல்லவா ஓடுகிறது?” என்றான். அவன் கண்டது உண்மையே. சூடு மிகுந்தால் ஓட்டம் கொந்தளிப்பாகிவிடும். அப்படியாயின் நம் அம்புக்குறிகள் பொய்யோ?

1900ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து ஹென்றி பெனார், கீழிருந்து சூடாக்கிய மெல்லிய திரவப் படலத்தில் அழகிய அறுகோண அறைகளைக் கண்டார். 1916இல் றேலி பிரபு, இத்தகைய ஓட்டம் எந்நிலையில் தொடங்கும் என்று கணித்தார். அவை அடக்கமான சூட்டின் கதை. கொந்தளிப்பிலே ஒழுங்கைக் காண்பது எங்ஙனம்?

ஒரு கணத்தின் படம் போதாது. பல கணங்களின் சராசரியை எடுத்தால் சிறு சுழிகள் மறைந்து பெருஞ் சுருள்கள் தோன்றும். ஆனால் அச்சுருள்களும் மெல்ல இடம்பெயர்வன. அளவுக்கு மிஞ்சிய நேரம் சராசரி எடுத்தால் அவையும் அழிந்துபோம். எவ்வளவு நேரம் என்பதிலேதான் கெட்டித்தனம். சூரியனின் முகத்தில் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர் அகலமான மணிகள் சில நிமிடங்களில் தோன்றி மறைய, 30,000 கிலோமீற்றர் அளவான பெருமணிகள் ஒரு நாளளவு நிலைக்கின்றன.

மற்றொரு வழி, துகள்களைத் தனித்தனியே பின்தொடர்ந்து, எவை நெடுநேரம் பிரியாது செல்கின்றன என்று பார்ப்பது. தேர்த்திருவிழாச் சனத்திரளில் ஒரு குடும்பத்தாரை இனங்காண்பதும் இவ்வாறுதானே! ஜேர்மனியின் இல்மெனோ நகரத்து ஷூமாக்கரும் கூட்டாளிகளும் கணினியில் இதனைச் செய்தனர். 2021இல் வெளியான முடிவு நம்மை வியக்க வைத்தது. பிரியாத துகள்கள் சுருளின் நடுவே சுழன்றுகொண்டிருக்கின்றன; அவை காவும் வெப்பமோ மற்றவற்றினுங் குறைவு. கூட்டத்திற் சேராது அலையுந் துகள்களே மிகுதியாகக் காவுகின்றன.

மறுநாள் நாம் அம்புகளை அழிக்கவில்லை. அவற்றைச் சுற்றி அவன் கண்ட கிறுக்கல்களையும் வரைந்து, வெப்பம் எங்கே மிகுதியாகச் செல்கின்றது என்று வினவினோம். அவன் அம்புகள் சூழ்ந்த நடுவிடத்தைச் சுட்டினான். சென்ற ஆண்டு கேட்டிருந்தால் நாமும் அதனையே சுட்டியிருப்போம்.